எதிர்க் கட்டடத்தில் வீட்டுக்காரர்

நூலை எச்சில் தொட்டு முறுக்கி, ஊசிக் கண்ணில் ஒரே குத்தாக நுழைத்தார். விடுதி அறையின் மேல் படுக்கையில் சம்மணம் போட்டிருந்தார் அந்த அம்மாள். மடியில் வார் அறுந்த முதுகுப் பை. பைக்குச் சொந்தக்காரி, வேற்று நாட்டுப் பெண், கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இடது தோள் இறக்கம் இவளுக்கு. அதான் ஒரே பக்கம் அறுந்திருக்கு," என்றார், அந்த அறையில் யாருக்கும் புரியாத தமிழில்.

அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளிநாட்டில், ஊர் ஊராகத் தனியே சுற்றும் பெண்கள் தங்கும் மலிவு விடுதி அது. வருகிறவர்களுக்கு இருபது வயது, மிஞ்சினால் என்னைப்போல முப்பது. ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஒரு தமிழ் அம்மாளை அங்கே யார் எதிர்பார்ப்பார்கள்? அதுவும் ஏணி வைத்து ஏறும் படுக்கையில். "கீழ இருந்தா ஆளாளுக்கு வந்து உக்காந்துக்குறாங்க கண்ணு. மேலன்னா நிம்மதி."

நான் டைலரக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். ஊரில் ரவிக்கை தைக்கும் கடை. போட்டிருந்த சுடிதார் அவரே தைத்தது. பாஸ்போர்ட்டுக்கு உள்பக்கம் ஒரு பை, அதற்கு மூடி, மூடிக்கு இரண்டு கொக்கி. ஆங்கிலம் 'குட்', 'நோ', 'வெயிட்' அளவில் நின்றுவிட்டது. அதனால் எல்லோரிடமும் தமிழிலேயே பேசினார். காதலனோடு போனில் சண்டை போட்டு அழுத பெண்ணின் முதுகைத் தட்டி, "கிடக்கான் விடு," என்றார். அவள் தலையாட்டினாள். பக்கத்துப் படுக்கைக்காரி எங்கிருந்து வருகிறாள், அடுத்து எங்கே போகிறாள் என்பதெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எப்படி என்று கேட்டால், "கேட்டேன், சொன்னா," என்பார்.

கணவர் தவறிப்போயிருப்பார், துக்கத்தை மறக்கப் புறப்பட்டிருக்கிறார் என்று நானாகவே ஒரு கதை கட்டியிருந்தேன். ஒரு காலையில் குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்டுக்காரர்..." என்று இழுத்தேன்.

கையிலிருந்த ஊசியால் ஜன்னலைக் காட்டினார். "அதோ, எதிர்த்த கட்டடம். ரெண்டாவது மாடியில துண்டு காயப் போடுறாரே, அவர்தான்."

தெருவுக்கு அந்தப் பக்கம், ஆண்கள் விடுதியின் வராந்தாவில், நரைத்த மீசைக்காரர் ஒருவர் ஈரத் துண்டை உதறிக்கொண்டிருந்தார். சண்டையா என்று கேட்டேன்.

"சண்டையெல்லாம் இல்ல. கடையில அவர் வெட்டுவாரு, நான் தைப்பேன். வருஷம் பூரா எதிரும் புதிருமா ஒரே மூஞ்சி. முதல் தடவை டூர் போனப்போ அவர் முன்னாடி நடந்தாரு, நான் பின்னாடி. ஊருக்குத் திரும்பி யோசிச்சா, நான் பார்த்ததெல்லாம் அவர் முதுகுதான். அடுத்த வருஷத்துலேர்ந்து அவர் தனி, நான் தனி. ஆளுக்குப் பாதி ஊர். ரெண்டு பேரும் ஒண்ணையே பார்த்துட்டா அப்புறம் பேச என்ன இருக்கு?"

சாயங்காலம் ஆனால் தெருமுனை பெஞ்சில் இருவரும் சந்திப்பார்கள். அவர் பார்த்ததை அவர் சொல்வார், இவர் பார்த்ததை இவர். ஒருவருடைய இடத்துக்கு மற்றவர் போகக் கூடாது. இதற்காகவா விமானம் ஏறி வந்தார்கள் என்று எனக்குத் திகைப்பு தீரவேயில்லை.

ஒரு நாள் அவர் வரவில்லை. தெருவிளக்குகள் எரிந்துவிட்டன. டைலரக்கா பெஞ்சில் உட்கார்ந்து துப்பட்டா ஓரத்து நூலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார். அவருடைய போனுக்குப் போட்டால் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தது ஒரு பெண் குரல். அக்கா போனைப் பக்கத்திலிருந்த என்னிடம் நீட்டினார். ஆஸ்பத்திரி நர்ஸ். அருங்காட்சியகத்துப் படிக்கட்டில் உருண்டு விழுந்திருக்கிறார், தலையில் அடி, மணிக்கட்டு முறிவு, கொஞ்ச நேரம் நினைவில்லை, இப்போது பேசுகிறார்.

டாக்சியில் ஏறியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி: "எங்க விழுந்தாராம்?"

சொன்னேன்.

"அது என் இடமாச்சே. நாளைக்கு நான் போக வேண்டியது."

இந்த நேரத்தில் இப்படி ஒரு கணக்கா என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் என் மணிக்கட்டை அவர் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வரும்வரை விடவில்லை.

தலைக்கட்டும் மாவுக்கட்டுமாகப் படுத்திருந்தவர் எங்களைப் பார்த்ததும், "உன் இடத்துக்குப் போயிட்டேன். கோவிச்சுக்காத," என்றார்.

"ஏன் போனீங்க?"

"படி ரொம்ப செங்குத்துன்னு என் ரூம்ல ஒருத்தர் சொன்னாரு. உன் முட்டிக்குத் தாங்குமான்னு பார்க்கப் போனேன். தாங்காது. நீ போகாத."

அக்கா அழுவார் அல்லது திட்டுவார் என்று காத்திருந்தேன். இரண்டும் இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். அந்த வார்டில் மற்ற நோயாளிகளும் அவர்களுடைய ஆட்களும் பார்த்துக்கொண்டிருக்க, நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுக்க, கட்டிலின் கம்பியைப் பிடித்து ஏறினார்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க," என்று சொல்லி, அவருடைய அடிபடாத கையைத் தூக்கித் தன் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.