நாலரை மணி ஆட்டம்

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருக்கோடியில் ஒரு மண் திடல் இருக்கிறது. அங்கே நாங்கள் ஆறு பேர் மாலையில் பெத்தாங் ஆடுவோம். ஒரு சின்ன மரக்குண்டை முதலில் வீசிவிட்டு, இரும்புக் குண்டுகளை அதற்கு யார் கிட்டத்தில் போடுகிறார்கள் என்று பார்க்கும் ஆட்டம். சந்தேகம் வந்தால் டேப்பை எடுத்து அளப்பது என் வேலை.

நாலரைக்குத் தொடங்குவதுதான் வழக்கம். முன்பெல்லாம் அந்நேரம் கடல்காற்று வந்துவிடும். சில வருடங்களாக அது தள்ளித் தள்ளி வருகிறது. இந்தக் கோடையில் ஆறு மணிக்கும் மண் கொதித்தது. குண்டுகளைக் கையால் எடுக்க முடியவில்லை. ஏழு மணிக்கு மாற்றிக்கொள்ளலாம், தெருவிளக்குதான் இருக்கிறதே என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டது நான்தான். எல்லோரும் சரி என்றார்கள், எங்களில் மூத்தவரான அண்ணனும். அவர் பால் பூத் நடத்துகிறவர். கடையை விட்டு அவர் வெளியே வருவது இந்த ஆட்டத்துக்கு மட்டும்தான்.

விளக்கு வெளிச்சத்தில் அவர் குண்டுகள் எங்கெங்கோ போயின. “அண்ணே, தேங்காய்த்திட்டு தொறமுகத்துல மீன் புடிக்கவா போடுறீங்க?” என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். நான் ஒவ்வொரு முறையும் டேப்பை நீட்டி, எவ்வளவு தள்ளி விழுந்தது என்று சத்தமாகச் சொன்னேன். அளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சில நாளில் முழங்கால் வலி என்று சொல்லி நின்றுவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழுமுன் மருந்து வாங்கப் போனேன். திடலில் அவர் மட்டும் நின்றிருந்தார். தலையில் ஈரத்துண்டு, பக்கத்தில் வாளித் தண்ணீர். குண்டுகளை அதில் நனைத்து எடுத்து வீசிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் மரக்குண்டை ஒட்டியே விழுந்தது. குனிந்து எடுக்கும்போது மட்டும் நின்று மூச்சு வாங்கினார்.

“இருட்டிட்டா அந்தச் சின்னது எனக்குத் தெரியறதில்ல தம்பி.”

முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன்.

“சொன்னா எனக்காக எல்லாரும் வெயில்ல வந்து நிப்பீங்க. நீயும் யார்கிட்டயும் சொல்லாத.”

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் இன்னும் உறுத்துகிறது. அவரோடு ஒரு சுற்று ஆடினேன்; தலை சுற்றியது, வேப்பமர நிழலில் ஒதுங்கினேன். “வூட்டுக்குப் போ தம்பி, நாளைக்கு ஆபீஸ் இருக்குல்ல,” என்றார். அவரை அந்த வெயிலில் விட்டுவிட்டுப் போனேன்.

அன்று ஏழு மணிக்கு விளக்கடியில் கூடினோம். அண்ணனைக் காணோமே என்று ஒருவர் கேட்டார். முழங்கால் இன்னும் சரியாகவில்லையாம் என்றேன். மற்றவர்கள் ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். இரண்டு குண்டுகள் ஒரே தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்ததால், அளந்து சொல்லச் சொன்னார்கள்.

டேப் கொண்டுவரவில்லை என்றேன். அது என் சட்டைப்பையில்தான் இருந்தது.