எஞ்சின் லைட்டும் எங்கள் வீட்டு மாப்பிள்ளையும்

எங்கள் காரின் எஞ்சின் லைட் எரியத் தொடங்கியபோது அந்தக் காரை மூன்று பேர் ஓடிக்கொண்டிருந்தோம். வாப்பா, என் கணவர், நான். பழுது யாரால் வந்தது என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வாப்பா காரின் சொந்தக்காரர், அவரைக் குறை சொல்ல முடியாது. என் கணவர் வீட்டு மாப்பிள்ளை. எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வந்தவருக்குக் கோழித் தொடையும் குற்றமில்லாத வாழ்வும் கடைசிவரை உறுதி. பத்து வருசத்துக்கு மேலாகியும் எங்கள் வீட்டில் அவர் உடைத்த கோப்பை தானாக உடைந்த கோப்பைதான். ஆகவே மிச்சம் இருந்தது நான்.

"நீ ஆக்சிலேட்டர ஏறி மிதிச்சிரிப்பா" என்று சொல்லிவிட்டு, வாப்பா திறப்பை, அதாவது கார்ச் சாவியை, வாங்கித் தன் சேட் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார்.

நான் எங்கே மிதிப்பது? நாற்பதுக்கு மேல் நான் ஓடுவதே இல்லை. எங்கள் தெருவில் சைக்கிளில் போகும் பிள்ளைகள் என்னை முந்திக்கொண்டு போய்த் திரும்பி வேறு பார்ப்பார்கள். ஒருமுறை பின்னால் தயிர்ச் சட்டிகளை அடுக்கிக் கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று முந்தியது. ஓட்டிய மனிதர் எனக்குக் கை காட்டிவிட்டுப் போனார்.

அந்த நாட்களில் அந்தத் திறப்பு எனக்கு உயிராக இருந்தது. சம்மாந்துறைக்கு அப்பால், வயலுக்கு நடுவிலுள்ள ஒரு பாடசாலைக்கு எனக்கு இடமாற்றம் வந்திருந்தது. பஸ்ஸில் போவதென்றால் இரண்டு பஸ் மாறி, பிறகு ஓட்டோவும் பிடித்து, முதல் பாடம் முடிகிற நேரத்தில்தான் போய் இறங்கலாம். பாடசாலையின் புதிய தவணையிலிருந்து காரை நான் எடுக்கலாம் என்று வாப்பா பெரிய மனது பண்ணிச் சொல்லியிருந்தார். சொன்ன கையோடு லைட் எரிந்துவிட்டது. தவணை தொடங்க ஒரு கிழமையும் கொஞ்சமும்தான் இருந்தது. காரை நான்தான் கெடுத்தேன் என்ற பேச்சு அதற்குள் போகாவிட்டால் திறப்பு பொக்கற்றை விட்டு வெளியே வராது.

மெக்கானிக்கிடம் காட்டலாம்தான். நல்ல மனிசன். ஆனால் எந்தக் காரைக் கண்டாலும் "சென்சர்" என்பார். ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டுவார். லைட் கொஞ்ச நாள் அணைந்திருந்துவிட்டு மறுபடி எரியும். அப்போது வேறொரு சென்சர். நான் கணிதம் படிப்பிக்கிறவள். விடையை மட்டும் எழுதிவிட்டுச் செய்கையைக் காட்டாத பிள்ளைக்கே நான் புள்ளி போடுவதில்லை. காரின் வாயாலேயே கேட்டுவிடுவது என்று முடிவெடுத்து, பழுதுக்குக் கார் பதிந்து வைக்கும் இலக்கத்தை, அந்த 'கோட்' என்பதை, வாசிக்கிற ஸ்கேனர் ஒன்று வாங்கப் புறப்பட்டேன்.

முதலில் வாங்கியது தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு நீலத் துண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சொக்கற்றில் செருகினால் போனுக்கு எல்லாம் சொல்லும் என்று ஒன்லைனில் போட்டிருந்தார்கள். கார் வாசலில் நின்றது. கேட்டு வாங்கிய திறப்பைப் போட்டு, வாப்பாவின் கண் முன்னாலேயே செருகினேன். துண்டில் சிவப்பாக ஏதோ மின்னியது. போன் "இணைகிறது" என்றது. நாங்கள் பின்னேரத் தேத்தண்ணியைக் குடித்துக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் அது "இணைகிறது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

"என்ன, கார் கதைக்குதா?" என்று வாப்பா கதிரையில் இருந்தபடியே கேட்டார்.

"இல்ல வாப்பா."

"உன்னோட கோவம் போல" என்றார்.

பிறகுதான் தேடி வாசித்து விளங்கிக்கொண்டேன். சொக்கற்றின் வடிவம் பெரும்பாலான கார்களில் ஒன்றுதான், உள்ளே பேசுகிற மொழிதான் வேறு. எங்களுடையது ஜப்பானிலிருந்து வந்து, இருபது வயது தாண்டிய கார். அது பழைய மொழி பேசும். மலிவான நீலத் துண்டுகள் பலவற்றில் அந்தப் பழைய மொழியை விட்டுவிட்டுச் செய்கிறார்களாம். பெட்டியில் மட்டும் எல்லாம் தெரியும் என்று எழுதிவிடுவார்கள். பழைய காருக்கு ஸ்கேனர் வாங்குகிறவர்கள் பெட்டியை வாசிக்கக் கூடாது. காரையே கொண்டுபோய்க் கடை வாசலில் நிறுத்தி, செருகிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

காரைக் கொண்டுபோவதற்குத் திறப்பு வேண்டும். அக்கரைப்பற்றில் ஸ்கேனர் விற்கிற கடை வரை போக நான் கேட்டால் வராது. கணவரைக் கேட்கச் சொன்னேன். அவர் தன் மாமாவான வாப்பாவின் முன்னால் போய்த் தொண்டையைச் செருமினதுதான் தாமதம். வாப்பா கதிரையிலிருந்து எழும்பி நின்று, "எடுங்க மருமகன்" என்று இரண்டு கையாலும் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது.

கடைக்காரர் என் கேள்விகளுக்கெல்லாம் என் கணவரைப் பார்த்தே பதில் சொன்னார். என் கணவருக்குக் காரில் தெரிந்தது ஸ்டியரிங்கும் ஹோர்னும். ஆனாலும் தலையை ஆட்டினார். தலை ஆட்டுவதில் அவரை அடிக்க ஆள் இல்லை.

"பழுது பதிஞ்ச நேரம் கார் என்ன வேகத்துல போன எண்டு இது காட்டுமா?" என்று நான் கேட்டேன்.

கடைக்காரர் என் கணவரிடம், "மெடம் என்ன கேக்கிறாங்க?" என்றார்.

நான் கேட்டதில் விசயம் இருந்தது. கோட் பதிகிற அந்தக் கணத்தில் எஞ்சின் எவ்வளவு சூடு, எவ்வளவு சுற்று, கார் என்ன வேகம் என்பதையெல்லாம் கார் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். எல்லா ஸ்கேனரும் அதை வாசிக்காது. சில ஸ்கேனர்கள் நோயின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும். எனக்கு வேண்டியது நோய் வந்த நேரம் நோயாளி என்ன செய்துகொண்டிருந்தார் என்பது. கடைசியில் கடைக்காரர் அலுமாரிக்குள் கிடந்த ஒன்றை எடுத்துத் தந்தார். வயரும் சின்னத் திரையும் உள்ள, கைக்கு அடக்கமான சாமான். வாசலில் நின்ற காரில் செருகியதும் திரையில் எழுத்து ஓடியது. எங்கள் கார் வாய் திறந்துவிட்டது. அங்கேயே வாசித்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. ஆனால் சாட்சி இல்லாமல் வாசித்து எனக்கு என்ன பிரயோசனம்? கழற்றிப் பெட்டிக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வாப்பா வரும்வரை காத்திருந்தேன். வந்ததும் அவரையும் கணவரையும் காருக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினேன். உம்மா வீட்டுக்குப் பின்னால், பின்வளவில், காயப்போட்ட மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தார். நான் ட்ரைவர் சீற்றில் இருந்து, செருகி, திறப்பைத் திருப்பி, பட்டனை அழுத்தினேன். மூன்றாவது சிலிண்டரில் பெற்றோல் சரியாகப் பற்றவில்லை என்று வந்தது. அடுத்த பட்டனை அழுத்தினேன். சூடு, சுற்று என்று வரிவரியாக வந்து, வேகம் என்ற வரியும் வந்தது. முதலில் எனக்குள் வாசித்தேன். பிறகு சத்தமாக வாசித்தேன்.

"மணிக்கு நூற்றுப் பதின்மூன்று கிலோமீற்றர்."

என்னை நூற்றுப் பதின்மூன்றில் நினைத்துப் பார்க்க வாப்பாவாலும் முடியவில்லை என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது.

"அது நான்தான் போல மாமா" என்றார் என் கணவர்.

"நீங்க அந்தக் கிழம முழுக்கக் கொழும்புல ட்ரெய்னிங்" என்றேன்.

"போறதுக்கு முந்தி ஓடியிரிப்பன்."

"போறதுக்கு முந்தி லைட் எரியல்ல."

அவர் மதில் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த மனிசன் ஊர் மாப்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம். மாமா தலை குனியக் கூடாது என்பதற்காக, தான் ஏறாத காரை நூற்றுப் பதின்மூன்றில் ஓடியதாக ஒப்புக்கொள்கிறார். கட்டின மனிசி கள்ளியாக நின்ற நாட்களில் இந்த வாய் எங்கே போயிருந்தது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வாப்பா குறுக்கே வந்துவிட்டார்.

தன் வீட்டில் மருமகன் பேரில் ஒரு பிழை விழுந்ததை வாப்பாவால் பொறுக்க முடியவில்லை. என்னை மாட்டிவிட்ட அதே வழக்கம் இப்போது அவருடைய கழுத்தைப் பிடித்தது.

"மருமகன் சும்மா இரிங்க. நான்தான்."

"இல்ல மாமா, நான் ஒருக்கா..."

"நான்தான் எண்டு சொல்றனே. நீங்க என்னத்துக்குப் பழி ஏக்கிற?"

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் கொஞ்ச நேரம் குற்றத்துக்கு இழுபறிப்பட்டார்கள். நான் காருக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வாப்பா என் ஜன்னலில் கை வைத்துக் குனிந்தார்.

"வயல் வெட்டு முடிஞ்சிதானே. ரோட்டுல காயப்போட்ட நெல்லும் இல்ல, ஆளும் இல்ல. காரைதீவுச் சந்திய தாண்டினா ரோட் வெறிச்சிக் கிடக்கு. ஒருக்கா இழுத்துப் பாத்தன்."

திட்டுவதற்கு ஒரு கூடை சொல் வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "எப்பிடி இரிந்த வாப்பா?"

"நல்லாரிந்த" என்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமும் அப்படியேதான் இருந்தது.

பிறகு அவர் பின்வளவுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு, ஆறுதலாக, மெதுவாக ஓடுவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உம்மா அவரைக் காரில் ஏற விட்டிருந்தார். இந்த எண்ணை உம்மா பார்த்தால் எனக்கு முன்னால் அவருடைய திறப்புப் போய்விடும்.

"இத அழிக்க ஏலுமா மகள்?"

"ஏலும்."

"அப்ப அழி."

"திறப்பு எனக்கா?"

வாப்பா மருமகனைப் பார்த்தார். மருமகன் மதிலைப் பார்த்தார். "வெச்சுக்க" என்றார் வாப்பா.

கோட் இலக்கத்தை எழுதி வைக்காமல், பழுதைத் திருத்தாமல் அழிக்கவே கூடாது என்பதுதான் ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு முதல் பாடம். எனக்கு அது நன்றாகத் தெரியும். எல்லாத் தகவலையும் அழிக்கவா என்று திரை கேட்டது. ஓம் என்று அழுத்தினேன். நான் நிரபராதி என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சியை என் பெருவிரலாலேயே இல்லாமல் ஆக்கினேன்.

கோட் மனதில் நின்றதால் வேலை கெடவில்லை. அடுத்த நாள் மெக்கானிக் பொனற்றைத் திறந்து "சென்சர்" என்றார். மூன்றாவது சிலிண்டருக்குத் தீப்பொறி கொடுக்கிற கொயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள் என்றேன். மாற்றினார். ஓடிவிட்டு வந்து வாசித்தால் பழுதும் கொயிலோடு பக்கத்துக்குப் போயிருந்தது. கொயில்தான் செத்திருந்தது. வயதுக்குப் போயிருக்கிறது, யார் எந்த வேகத்தில் ஓடினாலும் போயிருக்கும் என்றார் அவர். புதிய கொயில் பூட்டியதும் லைட் எரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வாப்பாவின் தம்பி, என் சாச்சா, சாப்பிட வந்திருந்தார். கார் பழுதாமே, என்ன நடந்தது என்று கேட்டார். உம்மா கறிக் கிண்ணத்தோடு நின்றார். கணவர் தலையைக் குனிந்து கோழித் தொடையைக் கடித்தார். நான் வாப்பாவையே பார்த்தேன்.

வாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "இவள் நாப்பதுக்கு மேல ஓடமாட்டாள் தம்பி. அதாலதான் கொயில் அவிஞ்சி போன. கார் எண்டா இடைக்கிட ஒருக்கா இழுத்து உடணும்."

"ஓம் மாமா" என்றார் என் கணவர்.

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. வேகமாக ஓடினாலும் நான், மெதுவாக ஓடினாலும் நான். கார் திருந்திவிட்டது, குற்றம் மட்டும் என் விலாசத்தை விடவில்லை. காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. திறப்பு மட்டும் இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சாச்சாவுக்கு இன்னொரு அகப்பை சோறு போட்டேன்.

தவணை தொடங்கிய காலையில் வாப்பாவே எழும்பி வந்து கேற்றைத் திறந்துவிட்டார். நான் வெளியே எடுத்ததும் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, "நாப்பதுக்கு மேல போகாத மகள்" என்றார்.

"ஓம் வாப்பா" என்றேன்.

காரைதீவுச் சந்தியில் திரும்பினேன். இரண்டு பக்கமும் வெட்டின வயல், ரோட்டில் ஒரு குருவிகூட இல்லை. எழுபது வரை கூட்டினேன். வாப்பா சொன்னது சரி, நல்லாத்தான் இருந்தது. எந்த எண் பதிந்தாலும் வாசிப்பதும் அழிப்பதும் இனி நான்தான்; ஸ்கேனரை நான் வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை. அது என் கைப்பைக்குள் இருந்தது.