தெல்மீராவின் பதினான்கு கட்டடங்கள்

எனக்குத் தெல்மீராவைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

எங்கள் குப்பை பிரிக்கும் கூட்டுறவுக்கு உதவுகிற அறக்கட்டளையிலிருந்து ஹூலியேத்தா என்றொரு பெண் போன வருஷம் புவனோஸ் அயர்ஸை ஒட்டிய எங்கள் லனூஸுக்கு வந்தாள். இணையதளத்தில் ‘எங்கள் நிர்வாகக் குழு’ என்று ஒரு பக்கம் போடப் போகிறார்களாம். தலைவி, செயலாளர், பொருளாளர் மூன்று பேருக்கும் ஒரு படம், அரைப்பக்கம் வாழ்க்கைக் குறிப்பு. அப்போது நான் செயலாளர். எழுத வரும் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. பொருளாளர் ஃபெர்மீனைப் பற்றிப் பத்து நிமிஷத்தில் எழுதிவிட்டேன், அவனிடம் எழுத அவ்வளவுதான் இருக்கிறது. என்னைப் பற்றி அதைவிடச் சீக்கிரம். தலைவி தெல்மீரா இபரோலாவைப் பற்றி மட்டும் ஒரு வரி ஓடவில்லை.

படம் எடுத்தபோதே தெரிந்திருக்க வேண்டும். அட்டைக் கட்டுகளுக்கு முன்னால் எங்களை நிற்க வைத்து, "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, தோள்மேல கை போட்டுக்குங்க" என்றாள் ஹூலியேத்தா.

"இவ தோள்ல கை வெச்சா எனக்குச் சொறி வரும்மா" என்றாள் தெல்மீரா, என்னைக் காட்டி. "நடுவுல ஃபெர்மீனை நிறுத்து. அவனுக்கு ஏற்கெனவே சொறி இருக்கு."

அந்தப் படம்தான் இன்றைக்கும் இணையதளத்தில் இருக்கிறது. கீழே அவளுக்கான இடம் காலி. இப்போது எழுதுவது அந்த இடத்துக்காக இல்லை. எழுதாவிட்டால் எனக்குத் தொண்டையில் முள் போல நிற்கும், அதனால் எழுதுகிறேன்.

தெல்மீரா சாக்கோ மாகாணத்தில் பருத்தி பொறுக்கி வளர்ந்தவள். பதினேழு வயதில் புவனோஸ் அயர்ஸ் வந்து ஒரு செருப்புத் தொழிற்சாலையில் அடித்தோலுக்குப் பசை தடவினாள். பதினான்கு வருஷம். பணமெல்லாம் செல்லாக்காசாகி நாடே கவிழ்ந்த அந்த வருஷம் தொழிற்சாலை பூட்டியது. பழைய குளிர்சாதனப் பெட்டியின் சட்டத்தில் இரண்டு சைக்கிள் சக்கரங்களை மாட்டி வண்டி செய்துகொண்டாள். இருக்கைகளைப் பிடுங்கிப் போட்ட ஒரு ரயிலில், எங்களைப் போன்ற நூறு பேரோடும் நூறு வண்டிகளோடும் நின்றபடி நகரத்துக்குள் போய் அட்டை பொறுக்கினாள். நானும் அதே ரயிலில்தான் போனேன். அப்போதே அவள் யாரோடும் பேச மாட்டாள். எல்லாரும் ஒரே குடுவையில் மாத்தே என்ற கசப்புத் தேநீர் குடிப்போம், அவள் மட்டும் தனக்கென்று ஒரு குடுவை வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக உறிஞ்சுவாள். இந்த ஊரில் அதைவிட மனிதரை அவமதிக்க வேறு வழி இல்லை.

ஒன்றை மட்டும் மறைக்க முடியாது. எங்களுக்குக் கொட்டகை வாங்கித் தந்தது அவள்தான். மாநகராட்சி வாசலில் அறுபது வண்டிகளைக் குறுக்கே நிறுத்தி ஆறு நாள் உட்கார்ந்தாள், எங்களையும் உட்கார வைத்தாள். பூட்டிக் கிடந்த ஒரு தோல் பதனிடும் கூடம் கிடைத்தது. மழை பெய்தால் இன்றைக்கும் அங்கே செத்த மாட்டின் நாற்றம் கிளம்பும். அதை அவள் வாங்கித் தரவில்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

கூட்டுறவின் விதிகளை எழுதியதும் அவள்தான். அதில் இரண்டு விதிகள் விஷம். தலைவி நாற்காலியில் உட்காருகிறவர் தன் தெருவை இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும், தெருவும் நாற்காலியும் ஒருவரிடமே இருக்கக் கூடாது. அடுத்தது, தலைவியை இறக்க வேண்டும் என்று கூட்டத்தில் யார் முன்மொழிகிறாரோ, தீர்மானம் ஜெயித்தால் அவரே அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். "சும்மா கத்திட்டு வீட்டுக்குப் போற கும்பலுக்கு இது மருந்து" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

தெரு என்றால் எங்களுக்கு நிலம் மாதிரி. இன்ன தெருவில் இன்ன கட்டடங்கள் இன்னாருக்கு என்று இருக்கும். அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் அட்டையையும் பாட்டிலையும் அவருக்கென்று எடுத்து வைப்பார், வேறு யார் கேட்டாலும் தர மாட்டார். தெல்மீராவுக்கு நகரத்துக்குள் அல்மாக்ரோ பகுதியில் பதினான்கு கட்டடங்கள் இருந்தன. எல்லாம் எட்டு மாடி, பத்து மாடி. அவள் தலைவியானபோது அதை யாருக்குக் கொடுப்பாள் என்று கொட்டகையே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அவளுடைய அண்ணன் மகன் புது வண்டியே செய்து வைத்திருந்தான்.

எனக்கு அப்போது தெருவே இல்லை. என் புருஷன் ரூபன் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார், இரண்டு பிள்ளைகள். மற்றவர்கள் விட்டுப்போனதைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆனாலும் தலைவியைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் அவளை ஆக்கக் கூடாது என்று அதிகம் கத்தியது நான்தான். ஜெயித்து முடித்ததும் அவள் எல்லார் முன்னாலும் என்னைக் கை காட்டினாள்.

"பதினாலையும் எல்பாவுக்குக் குடுத்துடறேன். குரைக்கிற நாய்க்கு ஒரு எலும்பு போட்டா கொஞ்ச நாளைக்குச் சத்தம் இருக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். வாங்காமல் என்ன செய்வது? அந்தப் பதினான்கு கட்டடங்களில்தான் என் மகள் யானினா படித்தாள், என் மகன் படித்தான், வீட்டுக்குக் கூரை வந்தது. பதினோரு வருஷம் அந்த எலும்பைத் தின்றேன். ஒவ்வொரு கடியிலும் அந்தச் சிரிப்பு காதில் கேட்டது.

போன மார்ச்சில் அவள் மாநகராட்சியின் பத்திரம் ஒன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். இனிமேல் வாட்ச்மேன்கள் எல்லாவற்றையும் பச்சைத் தொட்டியில் போடுவார்கள், மாநகராட்சி லாரி அள்ளிக்கொண்டு வரும், நாங்கள் சீருடை மாட்டிக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். மாதச் சம்பளம், வைத்தியச் செலவு உண்டு. தெரு என்று எதுவும் இருக்காது.

பெரிய தராசுக்குப் பக்கத்தில் அவளைப் பிடித்தேன்.

"கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன்."

"யாரைக் கேட்டுப் போட்ட?"

"யாரையும் கேக்கல. கேட்டா நீ குரைப்ப, உன் பின்னாடி இன்னும் நாலு பேர் குரைப்பாங்க. போன மழையில வண்டி தள்ளிட்டுப் போன நம்ம ஒசோரியோ கெழவனை பஸ் இடிச்சு, வைத்தியத்துக்குக் காசில்லாம கெடந்தானே, அப்ப எங்க போச்சு உன் தெரு?"

"என் தெருவைப் பத்திப் பேசாத."

"உன் தெருவா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்த ஒரு சிரிப்புக்காகவே அவளை இறக்குவது என்று முடிவு செய்தேன்.

நான் முட்டாள் இல்லை. முன்மொழிந்தால் நாற்காலி என் தலையில் விழும், தெரு போய்விடும். அதனால் ஃபெர்மீனைப் பிடித்தேன். அவன் அட்டை அமுக்கும் இயந்திரத்தில் வேலை செய்கிறவன், அவனுக்குத் தெருவே கிடையாது. அவன் முன்மொழிய வேண்டும், நான் வாயைத் திறக்கக் கூடாது, ஜெயித்தால் அவன் தலைவன். புதுத் தலைவன் ரத்து செய்தால் பத்திரமும் கிழியும், என் பதினான்கும் பிழைக்கும். வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தேன்.

சனிக்கிழமை காலை கூட்டம். தலைவியைச் சேர்க்காமல் நாற்பது பேர், கட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். செயலாளர் என்பதால் கூட்டப் புத்தகம் என் மடியில். ஃபெர்மீன் எழுந்தான், தொப்பியைக் கழற்றினான், மறுபடி மாட்டினான்.

"அதாவது... அக்கா மேல மரியாதை இல்லாம இல்ல... ஆனா இந்தப் பத்திரம்..."

தெல்மீரா அவனைப் பார்க்கவே இல்லை. தன் குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"ஃபெர்மீன், நீ உக்காருப்பா. வேர்க்குது உனக்கு. ஏண்டி எல்பா, அவன் வாயால எதுக்கு குரைக்கிற? பதினோரு வருஷமா என் கையால தின்ன. இப்ப என்னைக் கடிக்கக்கூட ஒரு ஆம்பளையோட பல்லைக் கடன் வாங்கணுமா?"

கொட்டகை சிரித்தது. அதே சிரிப்பு. எழுந்துவிட்டேன்.

"தெல்மீரா இபரோலாவைத் தலைமையிலேருந்து இறக்கணும். நான் சொல்றேன். நானேதான் சொல்றேன்!"

ஃபெர்மீன் என் கம்பளிச்சட்டையைப் பிடித்து இழுத்தான். "அக்கா, அக்கா, ஐயோ அக்கா" என்றான். சொன்னது சொன்னதுதான்.

"எழுதிக்குங்க, செயலாளரே" என்றாள் தெல்மீரா. "முன்மொழிஞ்சது எல்பா. தேதியும் போடுங்க."

என் கையாலேயே என் பெயரை எழுதினேன்.

கை தூக்கச் சொன்னார்கள். இறக்கணும் என்று இருபது கை, வேண்டாம் என்று இருபது கை. சமமாக வந்தால் தலைவியின் ஓட்டுதான் முடிவு. அவள் தனக்குத்தானே ஓட்டுப் போட்டுக்கொள்வாள், நான் தோற்பேன், தெருவையாவது இன்னும் கொஞ்ச நாள் வைத்திருப்பேன். எதிரியிடம் தோற்கப் போகிறோம் என்று சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

தெல்மீரா மாத்தேயை அடிவரைக்கும் உறிஞ்சினாள். குடுவையைக் கீழே வைத்தாள்.

"இறக்கணும்னு சொல்றவங்க பக்கம் என் கையையும் சேத்துக்க" என்றாள், கையைத் தூக்கினாள்.

அவள் தலைவி நாற்காலியை ஒரு கையால் இழுத்து என் முன்னால் போட்டாள்.

"உக்காருடி. பத்திரத்தைக் கிழிச்சுப் போடு, யார் வேணாங்கறா. எல்லார் தெருவும் பொழைச்சுது. உன்னுது மட்டும்தான் போச்சு."

உட்கார்ந்தேன். விதியாயிற்றே.

பத்திரம் கிழிந்தது. ஒரு வாரத்துக்குள் தெருவைக் கொடுத்தாக வேண்டும். யானினாவைக் கேட்டேன். மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். "அம்மா, என்னை விட்டுடும்மா" என்றாள். மகன் கேட்கும் முன்பே தலையாட்டிவிட்டான். வேறு யாருக்கு என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஃபெர்மீன் வந்து என் பக்கத்தில் நின்றான்.

"தெல்மீரா அக்காவுக்கு இப்ப தெரு இல்ல. அம்பத்தெட்டு வயசு. வேற யாருக்காவது குடுத்தீங்கன்னா கொட்டகையே காறித் துப்பும்க்கா. அவங்களை இறக்கணும்னு ஓட்டுப் போட்டவங்களும் சேர்ந்துதான் துப்புவாங்க."

எனக்கும் அது தெரியும். வயிறு எரிய எரிய அவளுக்கே சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அல்மாக்ரோவில் அவள் எனக்கு முன்பே வந்து நின்றாள். அதே பழைய வண்டி, அதே சைக்கிள் சக்கரங்கள். அண்ணன் மகனிடம் கொடுத்து வைத்திருந்ததைத் திரும்ப வாங்கியிருப்பாள்.

தெருவை இன்னொருவருக்குக் கொடுப்பது என்றால் சாவியைக் கொடுப்பது போல இல்லை. ஒவ்வொரு கட்டடத்து வாசலிலும் நின்று, புதிதாக வருகிறவரைப் பற்றி வாட்ச்மேனிடம் நாமே உத்தரவாதம் சொல்ல வேண்டும். பழையவர் வாய் திறந்து சொல்லாவிட்டால் எந்த வாட்ச்மேனும் ஒரு காகிதம்கூடத் தர மாட்டார். தெல்மீராவை அறிந்த பழைய வாட்ச்மேன்கள் யாரும் இப்போது அங்கே இல்லை, எல்லாரும் ஓய்வு பெற்று ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

முதல் கட்டடத்தில் எவரீஸ்தோ இருந்தார். துக்குமான் மாகாணத்துக்காரர், லேசில் யாரையும் நம்ப மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இவங்க தெல்மீரா" என்றேன். "இனிமே இவங்கதான் வருவாங்க."

"ஆள் எப்படி?"

தெல்மீரா எனக்கு உதவவில்லை. சுவரில் ஒட்டியிருந்த லிஃப்ட் அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போனால் அவளுக்கு அந்த வாசல் இல்லை. அவ்வளவுதான், ரொம்ப சுலபம். எவரீஸ்தோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை சுத்தம்" என்றேன். "ஒரு பையைக்கூடக் கிழிச்சு வாசல்ல போட மாட்டா. மழை பெஞ்சாலும் சொன்ன நேரத்துக்கு வருவா. எனக்குப் பிள்ளைங்க பட்டினி கெடந்தப்ப, இந்தத் தெருவை எனக்குக் குடுத்ததே இவதான்."

எவரீஸ்தோ கையை நீட்டினார். தெல்மீரா குலுக்கினாள். வெளியே வந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டே என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"நல்லாத்தான் சொன்ன. இன்னும் பதிமூணு இருக்கு, நட."

பதிமூன்று வாசலிலும் சொன்னேன். ஒன்றுகூடப் பொய்யில்லை, அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.