அண்ணன் போட்ட பூட்டு

அப்பாவின் அம்பாசிடர் காரில், பேட்டரிக்குப் பக்கத்தில் சிவப்புக் கைப்பிடி வைத்த மெயின் சுவிட்ச் ஒன்று இருந்தது. அன்று காலை அதன் ஓட்டையில் ஒரு பித்தளைப் பூட்டு தொங்கியது. பூட்டில் ஓர் அட்டை, அதில் என் அண்ணனின் கையெழுத்து: ‘ஆள் வேலை செய்கிறார். தொடாதே.’ ஆளும் இல்லை, வேலையும் நடக்கவில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆள் நிலக்கரி மைன்ஸில் பஸ்ட் ஷிப்டில் இருந்தான். அண்ணனை ‘அவர்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதவும் மாட்டேன்.

ரிட்டயர் ஆன கையோடு அப்பா பழசாக வாங்கிய வண்டி அது. அவர் போன பிறகு, நானும் அம்மாவும் இருக்கிற வடக்குத்து ஊர் வீட்டில்தான் நின்றது. ஓட்டியது நான். டீசல் போட்டது நான். அண்ணன் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தான், மைன்ஸில் பெர்மனென்ட் எலக்ட்ரீஷியன். வாராந்திர லீவு வந்தால் டூல்ஸ் பையோடு வந்து காருக்கடியில் படுத்துவிடுவான். பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டான். அதையாவது ஒத்துக்கொள்ளலாம், முகப்பு விளக்கு அதன் பிறகுதான் விளக்காக எரிந்தது. ஆனால் அத்தோடு விட்டானா? கதவுக் கண்ணாடி தானாக இறங்க மோட்டார், ரிமோட்டில் பூட்டு, பின்னால் கேமரா, சீட்டுக்கடியில் நீல விளக்கு. கல்யாண மண்டப வாசல்கூட அவ்வளவு மினுக்காது. இத்தனையும் சேர்ந்து, சும்மா நிற்கிற வண்டியின் பேட்டரியை இரண்டே நாளில் குடித்துவிடும். எத்தனை காலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தள்ளியிருக்கிறேன்! கேட்டால், “உனக்கு ஸ்டியரிங் மட்டும்தான் தெரியும், கரண்ட் தெரியாது” என்பான். பேட்டரி இறங்குவதற்கு வைத்தியமாக அவன் கண்டுபிடித்ததுதான் மெயின் சுவிட்ச்.

முந்தின நாள் அவனுக்கு லீவு. முழுநாளும் டேஷ்போர்டைப் பிரித்துப் போட்டு ஒயர் இழுத்தான். சாயங்காலம் வரை முடியவில்லை. பாதி வேலையில், மைன்ஸில் எதைச் செய்வானோ அதையே இங்கேயும் செய்தான். சுவிட்சை இறக்கி, பூட்டைப் போட்டு, அட்டையை மாட்டிவிட்டுப் போனான். அங்கே அது சட்டம். உள்ளே ஒருவன் கை வைத்திருக்கும்போது வெளியே இன்னொருவன் கரண்டைப் போட்டுவிடக் கூடாது. அதனால் பூட்டியவன்தான் திறக்க வேண்டும், சாவி இன்னொரு கைக்குப் போகக் கூடாது. நல்ல சட்டம்தான். எங்கள் வீட்டு வாசலில் நிற்கிற காருக்கு அது எதற்கு?

காலை எட்டு மணிக்குக் காடாம்புலியூரிலிருந்து போன் வந்தது. பெரியம்மா போய்விட்டாள். அம்மாவின் ஒரே அக்கா, அம்மாவைத் தூக்கி வளர்த்தவள். வெயில் காலம், பிள்ளைகள் எல்லோரும் உள்ளூரிலேயே இருக்கிறார்கள், அதனால் பதினோரு மணிக்கு எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். அம்மா அழவில்லை. புடவை மாற்றிக்கொண்டு நேராகப் போய்க் காரின் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். நான் பானட்டைத் திறந்தேன். பூட்டு.

அண்ணனைப் போனில் பிடிக்கவே அரைமணி ஆனது. விஷயத்தைச் சொன்னேன். “ஒன்பது மணிக்குள்ள நானே வந்துடறேன். பூட்ட மட்டும் தொட்டுடாதீங்க, உள்ள ஒயர் மொட்டையா கிடக்கு” என்றான். ஒன்பதரைக்கு மறுபடி கூப்பிட்டேன். “எனக்குப் பதிலா நிக்க ரிலீவருக்குச் சொல்லியிருக்கேன், வந்துகிட்டே இருக்கார்” என்றான். வந்துகொண்டே இருந்தாராம்! நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தேன். அம்மா பின்சீட்டிலிருந்து கையை நீட்டித் தடுத்தாள்.

“தொடாதன்னு சொல்றான் இல்ல, வுடு.”

“அப்போ ஆட்டோ கூப்பிடறேம்மா. நேரம் போவுது.”

“அவன்தான் வர்றேன்னு சொல்லிக்கினு இருக்கானே. ஏன்டி பறக்கற?”

பஸ் ஏற அம்மாவின் முழங்கால் இடம் கொடுக்காது. ஆட்டோ என்றால் மகன் சொன்ன சொல்லை நம்பாத மாதிரி ஆகிவிடும். நானும் கேட்டுக்கொண்டு நின்றேனே, என்னைச் சொல்ல வேண்டும். பத்தே முக்காலுக்கு அம்மாவை அதட்டி இறக்கி ஆட்டோவில் ஏற்றினேன்.

நாங்கள் போனபோது வீட்டைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவெல்லாம் பூ. மேளச் சத்தம் முந்திரித் தோப்புக்கு அப்பால் சன்னமாகக் கேட்டது. அம்மா அந்தத் திசையில் நாலடி வைத்தாள். ஒருத்தி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். “பொம்பளைங்க அங்க வரக்கூடாது சின்னம்மா. கால்மணி முன்னாடி வந்திருந்தா முகத்தப் பார்த்திருக்கலாமே.” அம்மா அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று அவள் அழுத அழுகையை நான் அப்பா சாவில்கூடப் பார்க்கவில்லை.

அண்ணன் பதினொன்றரைக்கு வடக்குத்துக்கு வந்து பூட்டைத் திறந்தானாம். அப்படியே உட்கார்ந்து மிச்ச ஒயரையும் இணைத்து முடித்துவிட்டுத்தான் போனானாம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள். காரியத்தன்று அவனோடு வேலை பார்ப்பவர் என்னிடம் வந்தார். “அக்கா, நான் ஒம்பது மணிக்கே வடக்குத்துப் பக்கம் வந்தேன். கிளம்பறப்பவே அவன்கிட்ட, சாவியக் குடு, உங்க வீட்ல குடுத்துட்டுப் போறேன்னேன். என் பூட்ட நான்தான் தொறக்கணும்னுட்டான்” என்றார். பந்தலிலேயே வைத்து அண்ணனைக் கேட்டேன். “தொறந்து நீ ஸ்டார்ட் பண்ணியிருந்தா அம்மாவோட சேர்ந்து எரிஞ்சிருப்பே” என்றான். இருக்கலாம். கரண்ட் எனக்குத் தெரியாது. ஆட்டோவில் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன தெரிய வேண்டும்? தான் வந்து, தான் திறந்து, தானே ஓட்டிக்கொண்டு போய் இறக்கினால்தான் அவனுக்குக் கௌரவம். அன்றே காரை எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரே கேள்விதான். காடாம்புலியூரிலிருந்து யார் வந்தாலும், பலாப்பழம் விற்கிறவனாக இருந்தாலும், கேட்பாள்: “எங்கக்காவுக்குக் கடைசில வாய் மூடிக்கினு இருந்துதா?” வாய் திறந்தபடி போனால் ஏதோ ஆசை மிச்சம் என்பது அவள் நம்பிக்கை. வந்தவர்கள் விழிப்பார்கள். யாருக்கு நினைவிருக்கும்?

போன மாதம் அண்ணன் வந்தான். இப்போது அவனும் ரிட்டயர். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, ஆட்களைப் பாதி அடையாளம் தெரிவதில்லை. அவனிடமும் அதையே கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவள் கட்டிலருகே உட்கார்ந்து, “நான் சுடுகாட்டுக்கே போயிட்டேம்மா. கிட்ட நின்னு பார்த்தேன். வாய் மூடித்தான் இருந்துது. தூங்கற மாதிரி இருந்தாங்க” என்றான்.

கூசாமல் சொன்னான். அந்த நேரத்தில் எங்கள் வாசலில் ஒயர் முறுக்கிக்கொண்டிருந்தவன்! நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நீயாச்சும் பார்த்தியே ராசா” என்றாள். அதன் பிறகு இன்றுவரை அவள் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நானும் உண்மையைச் சொல்லவில்லை, இனி சொல்லவும் முடியாது. என் வாயையும் சேர்த்துப் பூட்டிவிட்டான் படுபாவி.