வராதவருக்கும் பங்கு வைத்த ஹமீதா லாத்தா

ஹமீதா லாத்தா இறந்த செய்தி எனக்கு ஷார்ஜாவிலிருந்து வந்தது. நான் இருப்பது காரைக்கால் கோவில்பத்தில். டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்வதற்குள் இறங்கிவிட வேண்டிய தூரத்தில் அவர் வீடு. ஆனாலும் செய்தி கடல் தாண்டிப் போய்த்தான் எனக்குத் திரும்பி வந்தது. பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்க ஊசியும் கையுமாக நின்றிருந்தேன். கைபேசியில் ஷார்ஜா இக்பாலின் எண். வெள்ளிக்கிழமை தவிர வேறு நாளில் அவன் கூப்பிட மாட்டான். "கலா, லாத்தா மவுத்தாயிட்டாங்க" என்றான். எதிரே கையை நீட்டி உட்கார்ந்திருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போயிட்டு வாங்கம்மா, என் ரத்தம் எங்க ஓடிடப் போவுது" என்றார்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்று அறிவித்தார்களாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியை யாரும் சொல்லப் போவதில்லை என்று தெரிந்ததால் நான் எழுத உட்கார்ந்தேன். லாத்தா நடத்திய நிலா பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து எழுந்தவர்கள் காரைக்காலிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறீர்கள். இது உங்களுக்கு. "விளையாட்டுதானே" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களும் படிக்கலாம். அவர்களுக்கும் கொஞ்சம் வைத்திருக்கிறேன்.

லாத்தா என்றால் அக்கா. மரைக்காயர் வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடும் முறை அது. எங்கள் சென்டரில் மீனவர் தெருக்காரர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான். அவர் கணவர் சபரில் இருந்தார், அதாவது வளைகுடாவில் வேலை. தன்னைப் போலவே கணவனைச் சபருக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்த பெண்கள் குறைந்த செலவில் பேசட்டும் என்று, ஹெட்போன் மாட்டிய கம்ப்யூட்டர்களோடு அந்தச் சென்டரைத் திறந்தார். அங்கே மெஷின் பழுது பார்க்க வந்தவன் இக்பால். வந்தவன் சும்மா இருக்காமல் ஒரு விளையாட்டை ஏற்றிவைத்தான். உலகம் முழுக்க ஆட்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்து, கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து கோட்டை பிடிக்கிற விளையாட்டு. அதன் ஆங்கிலப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. 'கோட்டை' என்றே சொன்னோம்.

மெஷினைக் கெடுக்கிறான் என்று இக்பாலைத் திட்டத்தான் லாத்தா அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மாதம் முடிவதற்குள் எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. யார் முன்னே போவது, யார் மதிலேறுவது, யார் வாயை மூடிக்கொண்டு நிற்பது எல்லாம் அவர் சொன்னபடிதான். எனக்கு வில்லைக் கொடுத்து மதில்மேல் நிறுத்தினார். வேலை முடிந்து பஸ் வருகிற வரை நேரத்தைப் போக்க வந்தவள் நான். நாலைந்து பஸ்ஸைக் கோட்டை விட்டு, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அன்பழகனை அங்கேதான் பார்த்தேன். விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் கிடக்கும்போது, பொழுது போகாமல் சென்டருக்கு வந்து ஒட்டிக்கொண்டான். கோட்டையில் கிடைக்கும் கத்தி, கேடயம், குதிரையை எப்படிப் பிரிப்பது என்று எங்களுக்குள் தினமும் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். அடித்தவனுக்கே எல்லாம் என்பான் இக்பால். அன்பு ஒருநாள் பொறுமையாகச் சொன்னான். அவர்கள் படகில் படகுக்குப் பங்கு உண்டு, வலைக்குப் பங்கு உண்டு, ஆளுக்குப் பங்கு உண்டு. காய்ச்சலில் கரையில் கிடப்பவன் பங்கையும் எடுத்துவைத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். லாத்தா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். "இனிமே நம்ம கூட்டத்துலயும் அதான். வராதவங்களுக்கும் பங்கு உண்டு" என்றார். மற்ற நாட்டுக் கூட்டங்கள் இதைக் கேட்டுச் சிரித்தன. சிரித்தவர்கள் உள்ளுக்குள் அடித்துக்கொண்டு பிரிந்து போனார்கள். நாங்கள் பிரியவில்லை.

வடக்குக் கோட்டையைப் பிடித்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிடிக்கும்போது உள்ளே நிற்பவர்களின் பெயர்கள் கோட்டை வாசலில் கல்வெட்டு மாதிரி வந்துவிடும். அன்பு அன்றைக்கு நடுக்கடலில். லாத்தா என்ன செய்தார்? பக்கத்து மெஷினில் அன்பின் ஆளையும், அதாவது விளையாட்டுக்குள் அவன் ஆட்டுகிற உருவத்தையும், திறந்து கொண்டுவந்து கோட்டைக்குள் நிறுத்தினார். வலது கையில் தன் மவுஸ், இடது கையில் அன்பின் மவுஸ். இரண்டையும் ஓட்டியதில் எதிரியை வெட்டுவதற்குப் பதிலாக என்னை ஒருமுறை வெட்டினார். கோட்டை விழுந்தது. வாசலில் எங்கள் பெயர்களோடு ஆங்கில எழுத்தில் அன்பு என்றும் வந்தது. ஒருவரே இரண்டு ஆளை ஆட்டியது ஏமாற்று என்று எதிரிகளான மலேசியக் கூட்டத்தார் சண்டைக்கு வந்தார்கள். லாத்தா அசரவில்லை. வராதவனுக்கும் பங்கு உண்டு, எங்கள் ஊர் வழக்கம் என்று இக்பாலை விட்டு ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார். மலேசியக் கூட்டத்தின் தலைவனும் ஒரு தமிழன்தான். விட்டுக்கொடுத்தான்.

பிடித்தது பெரிதில்லை, வைத்திருப்பதுதான் பெரிது. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு முதல் ஐந்து வரை யார் வேண்டுமானாலும் வந்து தாக்கலாம். அந்த ஒரு மணி நேரமும் நம் ஆள் ஒருவராவது உள்ளே நிற்க வேண்டும். ஒருவரும் இல்லையென்றால் முதலில் நுழைகிறவனுக்குக் கோட்டை. வாசலில் இருக்கிற பெயர்கள் அழிந்து, அவன் பெயர் வந்துவிடும்.

சுனாமி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அன்பு கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்தானாம். ஆளும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. வீடு இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. அவன் அம்மா சிவகாமி, விற்பதற்கு மீனோடு டவுனுக்கு வந்திருந்ததால் பிழைத்தார். மகனின் போட்டோ என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. சென்டர் உள்ளே தள்ளி இருந்ததால் தண்ணீர் அங்கே வரவில்லை. லாத்தா மெஷின்களையெல்லாம் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, கடற்கரையிலிருந்து ஓடிவந்த பெண்களையும் பிள்ளைகளையும் அங்கே படுக்க வைத்தார். அன்று மாலை நான்கு மணிக்குக் கோட்டை யாருக்கு ஞாபகம்? இக்பால் அதற்குள் ஷார்ஜாவுக்குப் போயிருந்தான். ஊருக்குப் போன் போகாமல் பைத்தியம் பிடித்தவன் போல ஏதேதோ திறந்து பார்த்தவன், தாமதமாகக் கோட்டையையும் திறந்தான். உள்ளே எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. வாசலில் மலேசியக் கூட்டம் முழுதும் வரிசையாக நின்றது. அவர்கள் நுழையவில்லை. வேறு யாரையும் நுழைய விடவும் இல்லை. டிவியில் எங்கள் கரையைப் பார்த்திருக்கிறார்கள். ஐந்து மணி அடித்ததும் கலைந்து போனார்கள்.

விளையாட்டுதானே என்கிறவர்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

பிறகு ஒருநாள் லாத்தா சிவகாமி அம்மாவைக் கூட்டிவந்து, நடுமெஷின் முன்னால் உட்கார வைத்து, வாசல் பெயர்களைக் காட்டினார். அன்பின் பெயரைத் தொட்டால் அவன் ஆள் எழுந்து வந்து நிற்கும். சிவப்புத் தலைப்பாகை, தோளில் ஈட்டி. அதை அன்பே தேர்ந்தெடுத்து உடுத்தியிருந்தான். அந்த அம்மா ஆங்கிலம் அறியாதவர். அந்த நாலு எழுத்தை மட்டும் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கற்றுக்கொண்டார். அதன்பின் ஞாயிறுதோறும் மீன் விற்று முடித்து, அன்னக்கூடையை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வருவார். பார்ப்பார். போய்விடுவார்.

ஆட்கள் குறைய ஆரம்பித்தார்கள். புதிது புதிதாக விளையாட்டுகள் வந்தன, பளபளவென்று. முதலில் கொரியாக்காரர்கள் காணாமல் போனார்கள், அப்புறம் துருக்கிக்காரர்கள், அப்புறம் மலேசியக் கூட்டமும் கல்யாணம், வேலை என்று கரைந்தது. சந்தையில் ஆள் இல்லை, குதிரைகள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். எங்கள் ஆட்களும் விட்டுவிட்டார்கள். நானும் வாரம் விட்டு வாரம்தான் போனேன். லாத்தா மட்டும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அசர் தொழுகையை முடித்துவிட்டு நேராக வந்து நாற்காலியில் உட்கார்வார். ஆள் இல்லாத ஊரை எதற்குக் காவல் காக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஆள் இல்லாத ஊருன்னு யாரு சொன்னா? நான் இருக்கேன்ல" என்றார். பொழுது போகாத ஒருத்தன் வழிதவறி உள்ளே வந்தாலும் அந்தப் பெயர் போய்விடும் என்பதுதான் அவருக்குக் கவலை.

அப்படி ஒருத்தன் வரவும் செய்தான். சித்திரை வெயில். மின்சாரம் போய் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. பேசுவதற்கு முறை வைத்துக்கொண்டு பெண்கள் நிறைய பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலரை மணிக்கு எந்த நாட்டானோ தெரியவில்லை, தனியாக வந்து மதிலை இடிக்கத் தொடங்கினான். பேட்டரி சாகப் போகிறேன் என்று கீச்சுக் கீச்சென்று கத்தியது. லாத்தா என்னிடம் விளக்கை அணைக்கச் சொன்னார், பிறகு ஃபேன், பிறகு மற்ற மெஷின்கள். வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்த அந்தப் பெண்களிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. சிவகாமி அம்மா எதைப் பார்க்க வருகிறார் என்று அத்தனை பேரும் அறிவார்கள். ஒரு பெண், கணவனோடு பேசிக்கொண்டிருந்தவர், ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "இந்த மனுசன்கிட்ட அரைமணி கழிச்சுப் பேசினா ஒண்ணும் குறைஞ்சிடாது. நீங்க அவனைப் போடுங்க லாத்தா" என்றார். இருட்டில் ஒரே ஒரு திரை. நான்கு பேர் துப்பட்டியால் லாத்தாவுக்கு விசிற, சிவகாமி அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் சண்டை போட்டார். ஐந்து அடிக்கும்போது வந்தவன் மதிலுக்கு வெளியேதான் இருந்தான். மெஷின் அதற்கப்புறம்தான் அணைந்தது.

கடைசியில் கம்பெனியே அறிவித்தது, வருகிறவர்கள் இல்லாததால் விளையாட்டை மூடுகிறோம் என்று. எப்படியும் எல்லாம் அழியப் போகிறது, இனி எதற்கு நிற்க வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. லாத்தா கடைசி மணி நேரமும் நின்றார். சிவகாமி அம்மா பெயரைத் தொட்டுத் தொட்டு மகனை வரவழைத்துக்கொண்டே இருந்தார். சொன்ன நேரத்துக்குத் திரை கறுத்தது. லாத்தாதான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நாம தோத்து வெளிய வரல. அவங்க கடையச் சாத்திட்டாங்க. ரெண்டும் வேற வேற" என்றார். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வடக்குக் கோட்டை கடைசி வரைக்கும் காரைக்கால்காரர்கள் கையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு சிறுநீரகம் அவரைப் படுத்தியது. வாரம் இருமுறை மருத்துவமனை. ஊசி போடுகிற பெண்ணிடம்கூட, வலது கையை விட்டுவிட்டு இடது கையில் குத்தச் சொல்வார், வலதுதான் மவுஸ் பிடிக்கிற கையாம்.

மவுத்தான வீட்டுக்குப் போனேன். பெண்கள் உள் அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். தூரத்து உறவுக்கார அம்மா ஒருவர், யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார், கம்ப்யூட்டர் முன்னால் வெட்டியாக உட்கார்ந்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டாள் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் மூலையிலிருந்து குரல் வந்தது. சிவகாமி அம்மா. குரலை உயர்த்தவே இல்லை.

"வெட்டியான்னு சொல்லாதீங்கம்மா. எம் புள்ளைக்குச் சமாதி இல்ல, போட்டோ இல்ல. அவன் பேரு நின்ன எடம் அது ஒண்ணுதான். பெத்த நான் மீன் விக்கப் போயிட்டேன். அவங்கதான் காவல் நின்னாங்க."

அந்த உறவுக்கார அம்மா நகர்ந்து, சிவகாமி அம்மாவுக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டார்.

லாத்தாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது பொருளாக எதுவும் இல்லை. சென்டர் இருந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை. மிஞ்சியது அந்தப் பிடிவாதம்தான். போன வெள்ளிக்கிழமை இக்பால் கூப்பிட்டபோது, ஒரு புதிய விளையாட்டின் பெயரைச் சொல்லி ஏற்றச் சொன்னேன். சிதறிக் கிடந்த பழைய ஆட்களில் சிலரைப் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு உள்ளே இறங்கி, ஒரு சின்னக் கோட்டை, ஒன்றுக்கும் உதவாத கோட்டை, அதைப் பிடித்தோம். என் வலது கையில் என் மவுஸ். இடது கை மெஷினில் ஒரு ஆள், சிவப்புத் தலைப்பாகை. ஷார்ஜாவில் இக்பாலின் இடது கையில் இன்னொரு ஆள். சிவகாமி அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வாசலில் பெயர்கள் வந்தன. தனக்குத் தெரிந்த நாலு எழுத்தை முதலில் கண்டுபிடித்தார். பிறகு அதன் கீழே இருந்த நீளமான பெயரில் விரலை வைத்து, "இது லாத்தாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதையும் ஒவ்வொரு எழுத்தாகக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்.

உங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் அசையவே இல்லை, அவர்கள் ஆட்டத்துக்கு வந்ததாகவே தெரியவில்லை, இது ஏமாற்று என்று மறுநாள் புகார் வந்தது. வரட்டும். ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறேன்: வராதவருக்கும் பங்கு உண்டு, எங்கள் ஊர் வழக்கம்.