வெளி அளவில் அடுக்கிய கடை

மெஷினில் எண்ணெய் ஒழுகாமல் அடைக்கும் ஆயில் சீலுக்கு மூன்று அளவுகள்: ஷாஃப்ட் நுழையும் உள் வட்டம், வெளி வட்டம், கனம். சொல்லும்போது உள் அளவைத்தான் முதலில் சொல்வார்கள். கடைகளில் அடுக்குவதும் அந்த வரிசையில்தான். தாராவியில் என் மனைவியின் அண்ணன் கடையில் மட்டும் வெளி அளவை வைத்து அடுக்கியிருக்கிறது. அடுக்கியது நான்.

காரணம் இல்லாமல் இல்லை. மெக்கானிக்குகள் கொண்டுவருவது கழற்றிய பழைய சீல். அதில் எண் அழிந்திருக்கும். உள்ளே இருக்கும் ரப்பர் விளிம்பு சூட்டில் இறுகி விரிந்துபோய், அளந்தால் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். வெளியே இருக்கும் இரும்பு வளையம் அப்படியே இருக்கும். அதை வெர்னியர் அளவுகோலில் பிடித்தால் நேராகப் பெட்டிக்குப் போய்விடலாம். பெட்டியில் இருப்பவற்றில் எது என்பது எந்த வண்டி என்று கேட்டால் தெரிந்துவிடும். கேஸ்கெட்டுகளையும் வண்டிப் பெயரில் பிரிக்காமல், போல்ட் துளைகளின் இடைவெளிப்படி ஆணிகளில் மாட்டினேன். வேலைக்கு வந்த ஆட்கள் யாரும் நிலைக்கவில்லை. ஒருவர் மதியச் சாப்பாட்டோடு போய்விட்டார். போகும்போது, "யே துகான் உல்டா ஹை, பாய்" என்றார். தலைகீழான கடையாம்.

சென்ற மழைக்காலத்தில் எனக்கு ஒரு வேலை வந்தது. எங்களிடம் சரக்கு வாங்கும் ஒரு எஞ்சினியர், சான்பாடாவில் பம்பு சர்வீஸ் கம்பெனி ஒன்றில் இருப்பவர், ஸ்டோர் பொறுப்புக்கு வருகிறீர்களா என்று கேட்டார். ஞாயிறு விடுமுறை. ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் வீடு கடைக்கு மேலேயே ஓர் அறை; இறங்கினால் கடைக்குள்தான் இறங்க வேண்டும். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே சீல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். விஷயத்தைச் சொன்ன அன்றே மனைவி போனில் சான்பாடாவில் வாடகை வீடு பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

மச்சானிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அரை கிளாஸ் கட்டிங் சாய் இரண்டு வரவழைத்தார்.

"போங்க மாப்ளே, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா கடை பூராவும் ஒங்க தலைக்குள்ளல்லா இருக்கு. அத எறக்கி வச்சிட்டுப் போங்க."

நியாயமாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லாப் பெட்டிகளையும் தரையில் இறக்கினோம். உள் அளவுப்படி, ஊர் வழக்கப்படி அடுக்கினேன். மச்சான் ஒவ்வொரு தட்டிலும் பெரிய எழுத்தில் எண் ஒட்டினார். மறுநாள் முதல்முறையாக என்னைக் கேட்காமல் அவரே ஒரு சீலை எடுத்துக் கொடுத்தார். எனக்கோ கை பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். போய்விடலாம் என்ற நம்பிக்கை வந்தது.

இரண்டு நாள் கழித்து ஆட்டோ மெக்கானிக் ஒருவர் திரும்பி வந்தார். மச்சான் கொடுத்த சீல் வழியாக எண்ணெய் ஒழுகி, பிரேக் ஷூ வரைக்கும் நனைந்துவிட்டதாம். அடுத்து பிளாஸ்டிக் அரைக்கும் மெஷின்காரர் வந்தார். பழைய சீலின் விரிந்த உள் வட்டத்தை அளந்து, மச்சான் எல்லோருக்கும் ஒரு அளவு பெரியதாகவே கொடுத்திருக்கிறார். எல்லாம் வெளி வட்டத்தில் கச்சிதமாகப் பொருந்தின, ஷாஃப்டில்தான் தொளதொளத்தன. மெஷின்காரர், முதலாளி என்று எல்லோரும் 'சேட்' போட்டுக் கூப்பிடும் மச்சானை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, நீங்க அளந்து குடுங்க. சேட் கையால வேண்டாம்."

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். மச்சான் என்னைப் போகாமல் இருக்கச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் எண் சீட்டுகளை நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டத் தொடங்கினார். பழையபடி அடுக்க நான் பெட்டிகளை மறுபடியும் இறக்கினேன்.

அதற்கு நடுவில் எஞ்சினியர் போன் செய்தார். வர முடியாது என்றேன். சம்பளம் போதவில்லையா என்று கேட்டார். இல்லை, இங்கே ஆள் இல்லை என்றேன். அப்படியானால் ஒரு பம்புக்கு அவசரமாக சீல் வேண்டும் என்று அளவைச் சொன்னார். மாலைக்குள் அனுப்புவதாகச் சொன்னேன்.

மேலே மனைவிக்குக் கேட்டிருக்க வேண்டும். சான்பாடா வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, வீடு வேண்டாம் என்று ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்த பிறகும் போனை வைக்கவில்லை. அந்த வீட்டுச் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டாள்.