என்ன ஒரு பை!

ஷஃபீகா இருபது வயதில் பேட்டையில் காஜா முகைதீனின் பட்டறையில் தாள் வெட்டச் சேர்ந்தாள். மோட்டாருக்குள் செம்புக் கம்பிக்கு அடியில் வைக்கிற தாள். ஆறு மாதம் கழித்து, முதலாளி வெளியூர் போயிருந்த நாளில், யாரையும் கேட்காமல் ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டினாள். அது ஓடியது. காஜா முகைதீன் திரும்பி வந்து அதைப் பிரித்துப் பார்த்தார். திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் தாள் வெட்ட வேறு ஆள் வந்தது.

இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கணவன் தாஜ் முகம்மது வளைகுடா வேலையில், தம்மாமில் இருக்கிறான். பத்து வருடமாகச் சொந்தப் பட்டறை. சேரன்மகாதேவி வாழைத் தோட்டங்களிலிருந்துகூட மோட்டார் வரும். அறை மட்டும் சொந்தமில்லை. ஆனி முடிவதற்குள் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் கேட்டு அவள் மனுக் கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அது கிடைத்தால் தொழில் நிலைக்கும். கிடைக்காவிட்டால் தெருவில் உட்கார்ந்து காயில் கட்ட முடியாது.

அதனால்தான் ஷெட் ஒதுக்குகிற வாரியத்தின் தலைவர் பட்டறைகளைப் பார்க்க வருகிறார் என்றதும் தரையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

தலைவர் சென்னைக்காரர். தொலைக்காட்சிப் பட்டிமன்றங்களில் பேசிப் பேர் வாங்கியவர். ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தால் அந்தத் தண்ணீரை மூன்று நிமிடம் புகழக்கூடியவர். பின்னால் நான்கு கேமரா வந்தது. மேசைமேல் ஒரு மோட்டாரின் உள்கூடு இருந்தது. வார்னிஷ் ஊற்றிச் சூடு காட்டி அப்போதுதான் வெளியே எடுத்தது. தொட்டால் தோல் கழன்றுவிடும்.

"இது என்னம்மா இது?" என்று கேட்டபடியே தலைவர் கையை நீட்டினார்.

"பைய, சார், பைய!" என்று ஷஃபீகா கத்தினாள்.

திருநெல்வேலியில் பைய என்றால் மெதுவாக, பார்த்து என்று அர்த்தம். பிள்ளை படி இறங்கும்போது சொல்வது. பஸ்ஸில் கால் வைக்கும்போது சொல்வது. தலைவரின் காதில் அது தன் கேள்விக்கு வந்த பதிலாக விழுந்தது. கை அந்தரத்தில் நின்றது. முகம் கேமராவுக்குத் திரும்பியது.

"பையா! ஆகா! என்ன ஒரு பை! இப்படி ஒரு பையை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை!"

கடைசி வாக்கியம் உண்மைதான். எதிரில் இருந்தது இருபது கிலோ இரும்பு.

பதினோரு விநாடிப் படம். முடிவில் இரண்டு விநாடி ஷஃபீகாவின் முகம் வருகிறது. வாய் பாதி திறந்திருக்க, கையில் குறடு. மறுநாள் காலை அது ஊர் முழுக்க இருந்தது. அந்த வாரக் கடைசியில் தமிழ் பேசுகிற இடமெல்லாம் இருந்தது. புதிதாகக் கட்டிய நிழற்குடை ஒழுகுகிற படத்தை யாரோ போட்டார்கள், அதன் கீழே தலைவர், "என்ன ஒரு பை!" மாப்பிள்ளை பரோட்டா சுட்டுக் கருக்கினான்; கீழே தலைவர். எதையென்று தெரியாமலே புகழ்கிறவர்களைக் கிண்டல் செய்ய அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

தம்மாமிலிருந்து தாஜ் கூப்பிட்டான். "எங்க கேம்ப்ல மலையாளத்தான்கூட அனுப்புதான், பிள்ள. ஒம் மூஞ்சியப் பாக்கணுமே!"

"பாத்துச் சிரிங்க. காசா, பணமா."

முதல் இரண்டு வாரம் அவளும் சிரித்தாள். பழைய வாடிக்கைக்காரர் இசக்கி கோபாலசமுத்திரத்திலிருந்து மோட்டாரை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்து வாசலில் நின்று சத்தம் போட்டார். "தாயி, அஞ்சு எச்.பி. பை ஒண்ணு கொண்டாந்திருக்கேன். காது அந்துபோச்சு, தச்சுத் தருவியா?"

"இறக்கி வையும் அண்ணாச்சி. உம்ம வாயையும் சேத்துத் தைக்கேன்."

மூன்றாவது வாரம் ஜெனிஸ்டன் வந்தான். தலைவரின் விளம்பர வேலைகளைப் பார்ப்பவன், முப்பது வயதிருக்கும். கூடவே ஒரு கேமராக்காரர், ஒரு தையல் மெஷின், ஒரு கட்டு மஞ்சள் பை.

"ஒரே ஒரு வரிதான் மேடம். 'நாங்க மோட்டாரோட பையும் தைக்கிறோம், ஐயா அன்னைக்குப் பாராட்டுனது அதைத்தான்.' அவ்வளவு போதும். கிண்டல் பண்ணவன்லாம் வாயை மூடிருவான்."

"நான் பை தைக்கலியே."

"மெஷின் முன்னாடி உட்கார்ந்தாப் போதும்." குரலை இறக்கினான். "ஷெட் லிஸ்ட் ஐயா மேசையிலதான் இருக்கு. உங்க பேர் இருக்கு. இருக்கணும்."

ஷஃபீகா கையைத் துடைத்துக்கொண்டாள். "தம்பிக்கு எந்த ஊரு?"

"சென்னை."

"பெறந்த ஊரு?"

கொஞ்சம் தயங்கினான். "மணப்பாடு."

"அப்பம் நம்ம பக்கந்தான். 'பைய'ன்னா என்னன்னு ஒங்களுக்குத் தெரியும்."

அவன் மஞ்சள் பைக் கட்டை அவிழ்க்கக் குனிந்தான்.

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்க்கா." பேச்சு ஊர்ப்பேச்சாகிவிட்டது. "அவருகிட்டப் போயி அத எப்படிச் சொல்லச் சொல்லுதீய?"

"நீங்க சொல்லாண்டாம். கேமராவப் போடச் சொல்லுங்க, நான் சொல்லுதேன்."

கேமரா ஓடியது. ஷஃபீகா தையல் மெஷினைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, இசக்கியின் மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எம் பேரு ஷஃபீகா. மோட்டாருக்குக் காயில் கட்டுதேன், இருவத்திரண்டு வருசமா. அன்னைக்கு ஐயா கை வெந்துரக்கூடாதுன்னு சத்தம் போட்டேன். அவருக்கு வெளங்கலன்னா திருப்பிக் கேட்டிருக்கலாம். கேக்காமப் புகழ்ந்தாரு. ஊரு சிரிச்சது அவரப் பாத்து. நான் இன்னைக்குப் பை தச்சேன்னு சொன்னா, நாளைக்கு எவன் எங்கிட்ட மோட்டாரக் கொண்டு வருவான்?"

ஜெனிஸ்டன் லென்ஸைக் கையால் மூடினான். "ஷெட்டு போயிரும்க்கா. உண்மையாவே போயிரும்."

"போனா நான் கேட்டுக்கிடுதேன். மெஷின எடுத்துட்டுப் போங்க. நிக்க எடமில்ல."

ஷெட்டு போயிற்று. ஆனி பிறந்து நான்காம் நாள் வாரிய அலுவலகத்தில் ஒட்டிய பட்டியலில் பதினாலு பேர் இருந்தார்கள். அவள் பெயர் இல்லை. பக்கத்தில் போட்டிருந்த மனுத் தேதிப்படி, அவளுக்குப் பிறகு மனுக் கொடுத்தவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பெயரையும் தேதியோடு எழுதிக்கொண்டாள். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஆட்சேபணை மனு எழுதி, இரண்டு பிரதியோடு உள்ளே போனாள்.

எழுத்தர் மனுவை வாங்கிப் பதிவேட்டை விரித்தார்.

"தொழில்?"

"மோட்டார் காயில் கட்டுறது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். உதட்டில் சிரிப்பு முட்டியது. பக்கத்து மேசைக்காரரைத் தொட்டுக் கூப்பிட்டார். இரண்டு பேரும் பார்த்தார்கள். "நீங்க அந்த வீடியோவுல..."

"நாந்தான்."

சிரிப்பு அறை முழுக்கப் பரவியது. உள்ளேயிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். ஷஃபீகா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எல்லாரும் சிரிச்சு முடிங்க. எனக்கு அவசரமில்ல. முடிச்சதும் பதிவு நம்பர் போட்டு, எம் பிரதியில சீல் வச்சுத் தாங்க. மேல எங்க கொண்டு போவணுமோ அங்கன கொண்டு போவேன்."

எழுத்தர் பேனாவை எடுத்தார்.

"தேதியையும் போடுங்க," என்றாள்.